மச்சம் ஏன் மச்சமாகவே நின்றுவிடுகிறது? தோல் புற்றுநோயும் பரம்பரையும்

உங்கள் கையிலோ கழுத்திலோ இருக்கும் ஒரு மச்சத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல வருடங்களாக அதே இடத்தில், அதே அளவில், எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. ஆனால் அது உருவான விதம் அவ்வளவு சாதுவானதல்ல. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் என்ற செல்களில் ஒன்றே ஒன்றில், பிராஃப் என்ற மரபணுவில், ஓர் எழுத்து மாறிப்போயிருக்கும். அந்த ஒரு மாற்றத்தால் ‘பெருகு, பெருகு’ என்று அந்தச் செல்லுக்கு ஓயாமல் கட்டளை போய்க்கொண்டே இருந்திருக்கும். செல்லும் பெருகியது, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, ஆயிரக்கணக்கில் ஆனது, அப்புறம் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. அப்படி நின்றுபோன கூட்டத்தைத்தான் நாம் மச்சம் என்கிறோம். சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் இந்த பிராஃப் மாற்றம் இருக்கிறது. பரவலாகக் காணப்படும் தோல் புற்றுநோய்களில் மிக ஆபத்தான மெலனோமாவிலும் ஏறக்குறைய பாதியில் இதே மாற்றம்தான் இருக்கிறது.

தொடக்கம் ஒன்றுதான். ஒன்று நின்றுவிடுகிறது, இன்னொன்று நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால் பரம்பரையாக வரும் தோல் புற்றுநோய் ஆபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம் என்று அர்த்தம்.

செல்லுக்குள் பிரேக்குகள் உண்டு. மெலனோசைட்டைப் பொறுத்தவரை முக்கியமான ஒரு பிரேக்கின் பெயர் பி16. இது ஒரு புரதம். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் கடக்க வேண்டிய வாசல் ஒன்று இருக்கிறது, அந்த வாசலைத் திறப்பது சிடிகே4 என்ற இன்னொரு புரதம். பி16 போய் அந்த சிடிகே4-ஐப் பிடித்துக்கொள்ளும். வாசல் திறக்காது, செல் பிரியாது. மச்சத்தில் இருக்கும் செல்களைச் சோதித்துப் பார்த்தால் பி16 நிறையவே இருக்கும். மச்சத்தை நிறுத்தி வைப்பது பி16 மட்டும்தான் என்று சொல்ல முடியாது, வேறு தடைகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனாலும் மெலனோமா பரம்பரையாக வரும் குடும்பங்களில் மற்ற எதையும்விட அதிகமாகப் பழுதாகியிருப்பது இந்த பி16-ஐத் தயாரிக்கும் சிடிகேஎன்2ஏ என்ற மரபணுதான். ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது அது.

இந்த மரபணுவில் நம் எல்லோருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சில குடும்பங்களில் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுதாகி வந்துவிடுகிறது. இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் அந்தக் குழந்தைக்கு எதுவும் ஆகாது, மச்சங்கள் வரும், நிற்கும். ஆனால் எல்லோருக்கும் இரண்டு பிரேக் என்றால் இந்தக் குழந்தைக்கு உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் ஒரு பிரேக்தான். வெயிலாலோ, செல் பிரியும்போது நேரும் சாதாரணப் பிழையாலோ, ஏதோ ஒரு மெலனோசைட்டில் அந்த ஒன்றும் போய்விட்டால் அந்த இடத்தில் தடுக்க ஆளில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலான பயமும் குழப்பமும் இங்கேதான் தொடங்குகின்றன. புற்றுநோய் என்பது செல்லில் உள்ள மரபணுக்கள் கெட்டுப்போவதால் வரும் நோய், அது எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தும். அதற்காக எல்லாப் புற்றுநோயும் பரம்பரையாக வருவதில்லை. மச்சத்தில் இருக்கும் பிராஃப் மாற்றம் அந்த மச்சத்தில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் இரத்தத்தில் இல்லை, உங்கள் குழந்தைக்குப் போகாது. சிடிகேஎன்2ஏ பழுது முட்டையிலோ விந்தணுவிலோ ஏறி வந்தது, அதனால் உடம்பு முழுக்க இருக்கிறது, ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பில் போகும். ஆய்வக அறிக்கையில் ‘பிராஃப் பாசிட்டிவ்’ என்று பார்த்துவிட்டு ‘ஐயோ, பிள்ளைகளுக்கும் வந்துவிடுமே’ என்று கலங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிக்கை கட்டியைப் பற்றியது, எந்த மாத்திரை வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள எடுத்தது. பிள்ளைகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரம்பரையாக வருவது புற்றுநோய் அல்ல, காவல்களில் ஒன்று குறைந்திருப்பது. ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் குழந்தைகளுக்குக் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை வைத்து இதைக் கணக்காகவே சொன்னார். இரண்டு அடி விழ வேண்டும், பரம்பரையாக வருபவர்களுக்கு முதல் அடி பிறக்கும்போதே விழுந்துவிடுகிறது, அதனால்தான் அவர்களுக்கு இளவயதிலும் பல இடங்களிலும் வருகிறது என்றார். தோலுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

இது குடும்பத்தில் ஓடுகிறது என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் வில்லியம் நோரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1820-இல் அவர் ஒரு மெலனோமா நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த நோயாளியின் தந்தையும் இதே போன்ற நோயில் இறந்திருந்தார், குடும்பத்தில் பலருக்கு உடம்பில் மச்சங்கள் அதிகமாக இருந்தன. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இது பரம்பரை நோயாக இருக்க வேண்டும் என்று நோரிஸ் எழுதிவைத்தார். மரபியலின் தந்தை என்று நாம் படித்த மெண்டல் பிறந்ததே 1822-இல்தான். அதற்கு முன்பே ஒரு மருத்துவர், நோயாளியிடம் ‘உங்கள் அப்பாவுக்கு என்ன ஆனது’ என்று கேட்டதாலேயே இதைப் பிடித்துவிட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் எந்தச் சோதனைக்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி.

நோரிஸுக்கு அப்புறம் நெடுங்காலம் இந்தப் பேச்சு பெரிதாக எழவில்லை. 1978-இல் வாலஸ் கிளார்க் குழுவும் ஹென்றி லிஞ்ச் குழுவும் தனித்தனியாக, உடம்பெங்கும் ஒழுங்கற்ற மச்சங்களும் மெலனோமாவும் சேர்ந்து ஓடும் குடும்பங்களை விவரித்தார்கள். 1994-இல் சிடிகேஎன்2ஏ கண்டுபிடிக்கப்பட்டது. 1996-இல் சிடிகே4-இலேயே மாற்றம் உள்ள சில குடும்பங்கள் கிடைத்தன, அவர்களுக்கு பி16 நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது பிடிக்க வேண்டிய இடம் மாறிப்போய்விட்டதால் பிடி கிடைக்காமல் வழுக்குகிறது. பிரேக் கெட்டாலும் சரி, பிரேக் பிடிக்கும் சக்கரம் கெட்டாலும் சரி, வண்டி நிற்காது, அவ்வளவுதான்.

மூன்று பேர் அல்லது அதற்கு மேல் மெலனோமா வந்த குடும்பங்களை எடுத்துக்கொண்டால் அவற்றில் 20 முதல் 40 சதவீதம் வரை சிடிகேஎன்2ஏ பழுது தெரிகிறது. சரி, அந்தப் பழுது இருந்தால் மெலனோமா வர எவ்வளவு வாய்ப்பு? இதற்கான விடைதான் இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் முக்கியமானதும்கூட.

2002-இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று கண்டங்களைச் சேர்ந்த குடும்பங்களை ஒப்பிட்டார்கள். பழுதான பிரதி உள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் மெலனோமா வரும் வாய்ப்பு ஐரோப்பாவில் 58 சதவீதம், அமெரிக்காவில் 76 சதவீதம், ஆஸ்திரேலியாவில் 91 சதவீதம். மரபணு ஒன்றுதான், பழுதும் ஒரே மாதிரிதான், வசிக்கும் இடம் மாறியதும் எண் மாறிவிட்டது. பொதுவாகவே மெலனோமா அதிகம் உள்ள ஊரில் இவர்களுக்கும் அதிகம். வெயில், வாழ்க்கை முறை, கூடவே வரும் மற்ற மரபணுக்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

கதை அங்கேயும் முடியவில்லை. 2005-இல் வேறொரு ஆய்வு, நோயாளிகள் நிறைந்த குடும்பங்களைத் தேடிப் போகாமல், மெலனோமா வந்த பொதுவான நோயாளிகளிடமிருந்து தொடங்கி, அவர்களில் பழுது உள்ளவர்களின் உறவினர்களைப் பார்த்தது. அங்கே 80 வயதுக்குள் வாய்ப்பு 28 சதவீதம்தான் வந்தது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், முதல் வகை ஆய்வுகளில் சேர்க்கப்பட்டதே நிறையப் பேருக்கு நோய் வந்த குடும்பங்கள்தான். அப்படிப்பட்ட குடும்பங்களில் வேறு ஆபத்துகளும் சேர்ந்தே இருக்கும், அதனால் எண் ஏறிக்கொண்டு வரும். ஆகவே யாராவது ‘இந்த மரபணு இருந்தால் இத்தனை சதவீதம்’ என்று ஒரே எண்ணைச் சொன்னால், யாரை எண்ணிச் சொன்ன எண் அது என்று கேளுங்கள். 28-க்கும் 91-க்கும் நடுவில் ஒரு மனிதனின் தூக்கமே அடங்கியிருக்கிறது.

சிடிகேஎன்2ஏ பழுது உள்ள பல குடும்பங்களில் கணையப் புற்றுநோயும் கூடுதலாக வருகிறது. நெதர்லாந்தில் பல குடும்பங்களில் ஒரே மாதிரி ஓடும் ஒரு பழுதுக்கு அங்குள்ள லைடன் நகரின் பெயரையே சேர்த்து ‘பி16 லைடன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தக் குடும்பங்களில் கணையத்தையும் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். குடும்ப வரலாறு சொல்லும்போது ‘தோலில் யாருக்கும் இல்லை’ என்று நிறுத்திவிடாமல் கணையத்தில் யாருக்காவது இருந்ததா என்பதையும் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். புகை பிடிப்பவராக இருந்தால் விடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடைக்காது.

பிரேக்கைப் பற்றியே நிறையப் பேசிவிட்டோம். அதற்கு முன்னால் இன்னொரு காவல் இருக்கிறது, அது குடை. மெலனின் என்ற நிறமியை மெலனோசைட் தயாரித்துச் சுற்றியுள்ள தோல் செல்களுக்குக் கொடுக்கிறது. அந்தச் செல்கள் வாங்கிய நிறமியை எங்கேயோ கொட்டி வைப்பதில்லை, தங்கள் டிஎன்ஏ இருக்கும் உட்கருவின் மேல்பக்கம், அதாவது வெயில் விழும் பக்கம், குல்லா போலக் கவிழ்த்து வைத்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் இதைப் பார்க்கும்போது உண்மையிலேயே ஒவ்வொரு செல்லும் குடை பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

அந்தக் குடையில் இரண்டு வகை. ஒன்று பழுப்பும் கறுப்புமான யூமெலனின், புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும். மற்றொன்று சிவப்பும் மஞ்சளுமான ஃபியோமெலனின், தடுப்பது குறைவு. எதைத் தயாரிப்பது என்று முடிவு செய்யும் முக்கியமான பொத்தான் எம்சி1ஆர் என்ற மரபணுவில் இருக்கிறது, பதினாறாவது குரோமோசோமில். மெலனோசைட்டின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு வாங்கி இது. ‘வெயில் அடிக்கிறது, கறுப்பு நிறமி போடு’ என்ற ஹார்மோன் செய்தியை வாங்கி உள்ளே சொல்ல வேண்டியது இதன் வேலை. இந்த வாங்கி சரியாகக் கேட்கவில்லை என்றால் செல் ஃபியோமெலனினையே போட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பிரதிகளும் அப்படி இருந்தால் செம்பட்டை முடி, வெளுத்த தோல், வெயிலில் கறுக்காமல் சிவந்து எரியும் உடம்பு. எம்சி1ஆருக்கும் செம்பட்டை முடிக்கும் உள்ள தொடர்பு 1995-இல் வெளிவந்தது.

ஒரு பிரதி மட்டும் அப்படி இருந்தால்? பெரும்பாலும் முடி செம்பட்டையாக இருக்காது, பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆபத்து கூடுகிறது. 2016-இல் மெலனோமா கட்டிகளின் டிஎன்ஏவை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில், இந்த வகைப் பிரதி ஒன்று இருந்தாலே கட்டியில் இருந்த மாற்றங்களின் எண்ணிக்கை சுமார் 42 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2012-இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. செம்பட்டை நிற எலிகளுக்கு பிராஃப் மாற்றத்தைக் கொடுத்தபோது, புற ஊதாக் கதிரே படாமலும் பலவற்றுக்கு மெலனோமா வந்தது. ஃபியோமெலனின் தயாரிப்பதே செல்லுக்குள் சேதத்தை உண்டாக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெயிலைத் தவிர்த்துவிட்டால் போதும் என்று செம்பட்டை முடிக்காரர் யாராவது நினைத்தால், தோலைக் கவனிக்கும் வேலையும் கூடவே இருக்கிறது என்று சொல்ல இது ஒரு காரணம்.

எம்சி1ஆர் தனியாக நின்றால் ஆபத்தை மிதமாகத்தான் கூட்டுகிறது. சிடிகேஎன்2ஏ பழுதும் இதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் மெலனோமா வரும் வாய்ப்பும் கூடுகிறது, வரும் வயதும் முன்னால் வருகிறது. ஒரே வீட்டில், ஒரே சிடிகேஎன்2ஏ பழுது உள்ள அக்காவுக்கு 35 வயதில் வந்து தம்பிக்கு 70 வரை வராமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட கூட்டணிகளும் காரணமாக இருக்கலாம்.

நிறமியையே தயாரிக்க முடியாத நிலையும் உண்டு, அல்பினிசம். நிறமிக்கான மரபணு ஒன்றின் இரண்டு பிரதியும் பழுதானால் வருவது. குடையே இல்லாமல் கடும் வெயிலில் வாழ வேண்டியிருப்பதால் ஆப்பிரிக்காவின் வெயில் மிகுந்த பகுதிகளில் அல்பினிசம் உள்ளவர்களுக்கு இளவயதிலேயே ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. நல்ல தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் இருந்தால் பெருமளவு தவிர்க்கக்கூடிய ஒன்று என்பதுதான் மனதை உறுத்துகிறது.

குடையைத் தாண்டி வரும் கதிர் டிஎன்ஏவைத் தாக்குகிறது. எப்படி என்றால், டிஎன்ஏவில் அடுத்தடுத்து நிற்கும் சில எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ஒட்டிய இடத்தைச் செல் சரியாகப் படிக்க முடியாது. இதற்காகவே ஒரு பழுதுபார்க்கும் குழு இருக்கிறது. ஒட்டிய பகுதியைக் கண்டுபிடித்து, சுற்றியுள்ள முப்பது எழுத்து அளவுக்குத் துண்டாக வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதி ஒட்டிவிடும். வெயிலில் நடந்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் மணிக்கணக்காக இந்த வேலை நம் தோலில் நடந்துகொண்டே இருக்கிறது. இதன் நுணுக்கங்களைக் கண்டறிந்ததற்காக அசிஸ் சன்சாருக்கு 2015-இல் வேதியியல் நோபல் கிடைத்தது, டிஎன்ஏ பழுதுபார்ப்பின் வேறு வழிகளை ஆராய்ந்த தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகியோருடன்.

இந்தக் குழு பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் சாட்சி. 1870-களில் மோரிட்ஸ் கபோசி இதை விவரித்தார். டிஎன்ஏவைப் பழுதுபார்க்க முடியாததுதான் காரணம் என்று 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். இந்தக் குழந்தைகளுக்கு ஜன்னல் வழியாக வரும் வெயில்கூட ஆபத்து. பாதுகாப்பில்லாமல் விட்டால் முதல் தோல் புற்றுநோய் பத்து வயதுக்குள்ளேயே வந்துவிடலாம். 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயின் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு. இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஆனால் எண் அதுதான். கதிரை முழுதாகத் தடுக்கும் முகமூடியும் ஆடையும் போட்டு, ஜன்னலுக்கு வடிகட்டி ஒட்டி, மாலைக்கு மேல் விளையாட விட்டு வளர்க்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அப்படி வளர்க்கப்படும் குழந்தைகளுக்குப் புற்றுநோய் மிகவும் குறைகிறது, தள்ளியும் போகிறது.

இந்த நோய் ஓடும் விதம் முன்னே சொன்னதைப் போல அல்ல. இங்கே இரண்டு பிரதியும் பழுதாக வர வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கு ஒரு பழுது இருக்கும், இருவரும் நலமாக இருப்பார்கள், குடும்பத்தில் யாருக்கும் இதற்கு முன் வந்திருக்காது, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய இரத்த உறவுக்குள் மணம் முடிந்திருந்தால் ஒரே மூதாதையரின் பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் பேரில் ஒருவருக்கும் ஜப்பானில் சுமார் 22,000 பேரில் ஒருவருக்கும் இந்த நோய் இருக்கிறது. பெற்றோர் யாரும் எந்தத் தவறும் செய்துவிடவில்லை, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மெலனோமாவை விடப் பல மடங்கு பரவலான தோல் புற்றுநோய் பேசல் செல் புற்றுநோய், உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனால் விட்டால் அரித்துக்கொண்டே போகும். இது பரம்பரையாக வரும் நிலைக்கு கோர்லின் சிண்ட்ரோம் என்று பெயர், 1960-இல் ராபர்ட் கோர்லினும் ராபர்ட் கோல்ட்ஸும் விவரித்தது. பதின்ம வயதிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகப் புண்கள் வரும், சிலருக்கு நூற்றுக்கணக்கில். உள்ளங்கையில் சிறு குழிகள் இருக்கும், தாடை எலும்பில் நீர்க்கட்டிகள் வரும். பல நேரங்களில் முதலில் சந்தேகப்படுபவர் பல் மருத்துவர்தான்! காரணமான பேட்ச்டு மரபணு 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் பழ ஈயிலிருந்து வந்தது. ஈயின் புழு எப்படி வடிவம் பெறுகிறது என்று ஆராய்ந்தவர்கள் பெயர் வைத்த மரபணு அது, மனிதத் தோலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பரம்பரை இல்லாமல் வரும் சாதாரண பேசல் செல் புற்றுநோயிலும் பெரும்பாலும் இந்த மரபணு வேலை செய்யும் அதே செய்திப் பாதைதான் கெட்டிருக்கிறது என்று அப்புறம் தெரிந்தது. அந்தப் பாதையை அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அரிதான சில குடும்பங்கள் ஆய்வுக்குக் கை நீட்டியதால், பரவலான ஒரு புற்றுநோய்க்கு வழி பிறந்தது. கோர்லின் உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால் கொடுத்த இடத்திலேயே புதிய புண்கள் கூட்டமாக வரக்கூடும், எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, இவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குப் பெற்றோரிடம் இந்தப் பழுது இருக்காது, இவர்களிடம்தான் புதிதாகத் தொடங்கியிருக்கும். குடும்பத்தில் இல்லை என்பதால் பரம்பரைப் பழுது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பழுதானால் மெலனோமா ஆபத்தைக் கூட்டும் மரபணுக்கள் பிஏபி1, பிஓடி1, டெர்ட், மிட்ஃப் என்று இன்னும் சில உண்டு. இவற்றில் பிஏபி1-ஐ மட்டும் நினைவில் வையுங்கள். கண்ணுக்குள் மெலனோமா, நுரையீரலைச் சுற்றிய உறையில் மெசோதெலியோமா என்ற புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய், தோல் மெலனோமா இவையெல்லாம் ஒரே குடும்பத்தில் ஆளுக்கொன்றாக வந்திருந்தால் பார்ப்பவர்களுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போலத் தெரியும். சம்பந்தம் இருக்கலாம்.

ஆனால் மெலனோமா வருபவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரே ஒரு பெரிய பழுது இருப்பதில்லை. ஒவ்வொன்றும் துளித்துளியாக ஆபத்தைக் கூட்டும் பல சிறு மாற்றங்கள் சேர்ந்திருக்கும். 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அப்படிப்பட்ட 54 இடங்களை நம் மரபணுத் தொகுப்பில் காட்டியது. நிறம், மச்சங்களின் எண்ணிக்கை, குரோமோசோம் நுனிகளின் நீளம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் இடங்கள் அவற்றில் பல. அதனால்தான் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ மெலனோமா வந்திருந்தால், எந்தச் சோதனையிலும் ஒன்றும் தெரியாவிட்டாலும், நமக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு.

டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து 2016-இல் வெளியான ஆய்வு, மெலனோமாவில் பரம்பரையின் பங்கு 58 சதவீதம் என்றது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ‘அப்பாவுக்கு வந்தால் எனக்கு வர 58 சதவீத வாய்ப்பு’ என்று புரிந்துகொள்பவர்கள் நிறைய. அது அப்படிப் பொருள்படாது. அந்த நாட்டு மக்களுக்குள் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்ற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை மரபணு வித்தியாசங்கள் விளக்குகின்றன என்பதுதான் அது. எல்லோர் மேலும் ஒரே மாதிரி வெயில் விழும் நாட்டில் இந்த எண் ஏறும், வெயில் ஆளுக்கு ஆள் மாறும் நாட்டில் இறங்கும். தனி மனிதருக்கு அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. குடை நன்றாக இருப்பதால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் இவர்களுக்கு மிகவும் குறைவு. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடியில் வரும் அக்ரல் மெலனோமா வெயிலைப் பெரிதாகச் சார்ந்ததல்ல, எல்லா நிறத்தவருக்கும் வரும், கறுத்த தோலில் வரும் மெலனோமாக்களில் இதன் பங்குதான் அதிகம். பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இந்த வகை மெலனோமாவால்தான். நமக்கு வராது என்ற நினைப்பால் இது தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, தாமதம்தான் கொல்கிறது. ஜீரோடெர்மாவும் கோர்லினும் நிறம் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி சோதனை. இரத்தத்திலோ எச்சிலிலோ செய்யலாம். யார் யோசிக்க வேண்டும்? குடும்பத்தின் ஒரே பக்கத்தில் மூன்று பேருக்கு மெலனோமா, அல்லது மெலனோமாவும் கணையப் புற்றுநோயும் கலந்து மூன்று பேர், அல்லது ஒரே ஆளுக்கே தனித்தனியாக மூன்று மெலனோமா. மெலனோமா பொதுவாகவே அரிதான நாடுகளில் இரண்டு பேர் இருந்தாலே மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நலமாக இருக்கும் மகள் போய்ச் சோதித்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், அவளுக்குப் பழுது வரவில்லையா, அல்லது அந்தக் குடும்பத்தின் பழுதைச் சோதனையால் பிடிக்கவே முடியவில்லையா என்று தெரியாது. அப்பாவிடம் எந்தப் பழுது என்று தெரிந்துவிட்டால், மகளிடம் அது இருக்கிறதா இல்லையா என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவதாக ஒரு முடிவும் வரலாம், ‘மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை’ என்று. அதைக் கெட்ட செய்தியாகவும் எடுக்கக் கூடாது, நல்ல செய்தியாகவும் எடுக்கக் கூடாது. இணையத்தில் வாங்கி எச்சில் துப்பி அனுப்பும் சோதனைகள் பல, மரபணுவை முழுதாகப் படிக்காமல் தேர்ந்தெடுத்த சில எழுத்துகளை மட்டும் பார்க்கின்றன. அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மரபியல் ஆலோசகர் ஒருவருடன் உட்கார்ந்து முடிவைப் படிப்பது நல்லது. சோதனைக்கு முன்பே ஒரு தடவை பேசிவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் முடிவு உங்களோடு நிற்காது, அக்கா தங்கை, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் எல்லோரையும் தொடும்.

முடிவு எதுவானாலும் வெயிலைக் குறைக்கலாம், அது வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1,621 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 1992 முதல் 1996 வரை தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மறு பாதியை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். அதன் பிறகு பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், விருப்பத்துக்கு விட்டவர்களில் 22 பேருக்குப் புதிதாக மெலனோமா, தினமும் பூசியவர்களில் 11 பேருக்கு. இது பொது மக்களிடம் செய்த ஆய்வு, பழுது உள்ள குடும்பங்களில் செய்ததல்ல. ஆனாலும் பழுது உள்ளவர்களுக்கு ஐரோப்பாவில் வந்த 58-ஐயும் ஆஸ்திரேலியாவில் வந்த 91-ஐயும் நினைத்துப் பாருங்கள், இடம் மாறினால் ஆபத்து மாறுகிறது என்றால் வெயிலைக் குறைத்தாலும் மாறும் என்று நம்ப எனக்குத் தயக்கமில்லை.

அப்புறம் கண்ணால் பார்ப்பது. மெலனோமாவில் எல்லாமே ஆழக் கணக்குதான், மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும். பழுது உள்ளவர்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தோல் மருத்துவரிடம் முழு உடம்பையும் காட்ட வேண்டும், மாதம் ஒரு முறை வீட்டிலேயே பார்க்க வேண்டும். இரு பாதியும் ஒத்துப்போகாத மச்சம், ஓரம் கந்தலானது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் கலந்தது, ஆறு மில்லிமீட்டரைத் தாண்டியது, மாறிக்கொண்டே இருப்பது, இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். மச்சங்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்க வேண்டாம். மற்றவற்றோடு சேராமல் தனியாகத் தெரியும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். முதுகையும் காதின் பின்பக்கத்தையும் நீங்களே பார்க்க முடியாது, வீட்டில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால்விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் விட்டுவிடாதீர்கள், நகப்பூச்சு போடுபவராக இருந்தால் அன்றைக்கு மட்டும் அதை அழித்துவிட்டு நகங்களைப் பாருங்கள், சந்தேகமான இடத்தைப் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து செல்போனில் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.